களைப்பாம்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. பெரும்பகுதி புஸ்பம் சொல்லக் கேட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவாள். வாவியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருப்பாள். மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கமாட்டாள். அந்த இடைவெளிகளில் எதையெல்லாம் நானாகப் போட்டு நிரப்பிக்கொண்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெற்றோலுக்கு இலங்கையே வரிசையில் நின்ற வருஷத்துக்கு அடுத்த வருஷம், வைகாசி மாதம் என்பது மட்டும் உறுதி. அம்மன் கோயில் கதவு வைகாசியில்தான் திறக்கும்.

புஸ்பம் படுவான்கரைக்காரி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் பற்றைக்காடுமான பக்கம். சண்டைக் காலத்தில் புருஷன் ஜெயரூபன் முதலில் சுவிஸுக்குப் போக, பிறகு அவள் போய்ச் சேர்ந்தாள். பேர்ன் நகரத்தில் அவனுக்கு ஒரு உணவகத்தின் அடுக்களையில் வேலை. அவளுக்கு வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவை அறையில். இரண்டு வேலைக்கும் அதிகம் பேசத் தேவையில்லை. போர்வைகளோடு பேச எந்த மொழியும் வேண்டாம். அதனால் அந்த நாட்டு டொச் மொழி இருவருக்கும் வரவில்லை. வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் தெரிந்ததோடு நின்றுபோயிற்று.

ஒரே பிள்ளை கம்சாயினி. பள்ளிக்குப் போகத் தொடங்கிய கொஞ்சக் காலத்தில் அவள்தான் அந்த வீட்டுக்கு வாயானாள். வீட்டு உரிமையாளர் வந்தால் அவள், விசா அலுவலகம் என்றால் அவள், ஜெயரூபனுக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்றபோது டொக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றவளும் அவள்தான். காலுக்குக் கீழே ஒரு சிறிய முக்காலி வைத்தால்தான் அலுவலகத்து மேசைக்கு மேலே தலை தெரியும். தலையை ஒரு பக்கம் சரித்து வெள்ளைக்காரர் சொல்வதைக் கேட்பாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, கண்ணைப் பாராமல், அம்மாவின் தோளைப் பார்த்தபடி சொல்வாள். “நாளைக்கு வரட்டாமம்மா.” “ஒரு கடுதாசி குறையுதாம்.” அவர்கள் நீளமாகச் சொல்வார்கள். இவள் சிறிதாகச் சொல்வாள். பிள்ளை கெட்டிக்காரி, சாரத்தைப் பிழிந்து தருகிறாள் என்று புஸ்பம் பெருமைப்பட்டாள்.

ஒருமுறை பள்ளி ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினாள். “நல்லாப் படிக்கிறனாம்” என்றாள் கம்சாயினி. ஆசிரியை சொன்னது, இந்தப் பிள்ளை யாரோடும் விளையாடுவதில்லை, இடைவேளையில் யன்னலோரம் நின்று தனக்குத்தானே பேசுகிறாள் என்று. அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி. அங்கே படிப்பித்தவர் யாழ்ப்பாணத்து ரீச்சர். கம்சாயினி ‘மறுகா’ என்றால் வகுப்பு சிரிக்கும். “அதென்ன மறுகா? பிறகு எண்டு வடிவாச் சொல்லும்” என்பார் ரீச்சர். திங்கட்கிழமை டொச்சுப் பள்ளியில், நீ உண்மையில் எந்த ஊர் என்று கேட்பார்கள். இரண்டு இடத்திலும் அவள் வாயை மூடிக்கொள்ளப் பழகினாள். வாய் திறந்தது மற்றவர்களுக்காக மட்டும்.

பத்தொன்பது வயதில் படிப்புக்குப் போவதை நிறுத்தினாள். யன்னல் பலகைகளை இறக்கிவிட்டு இருட்டில் இருந்தாள். மேல் வீட்டுக்காரர் இரவும் பகலும் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றாள். புஸ்பம் அதை அப்படியே நம்பினாள். கறி மணக்கிறது என்று முறைப்பாடு எழுதிப் போட்டவர்கள்தானே அவர்கள். மேலே போய்க் கதவைத் தட்டி, தனக்குத் தெரிந்த நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்டாள். அந்தக் கிழவனும் கிழவியும் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார்கள்.

ஒருநாள் கம்சாயினி வெறும் காலோடு பனியில் நடந்து போனாள். பொலிஸ் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டது.

அங்கே ஒரு பெண் டொக்டர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டாள். கம்சாயினி வேண்டாம் என்றாள். புஸ்பத்துக்கும் அதுவே நிம்மதி. பேர்னில் தமிழ் மொழிபெயர்க்கிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கலுக்கு வரிசையில் நிற்கிற ஆள். அவர் காதில் ஒரு சொல் விழுந்தால் லவுசான் வரைக்கும் போய்விடும். பிறகு பிள்ளைக்கு எந்த வீட்டில் சம்பந்தம் கேட்பது?

டொக்டர் பேசினாள். வெகுநேரம் பேசினாள். நடுவில் மேசையிலிருந்த கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியைப் புஸ்பத்தின் பக்கம் தள்ளி வைத்தாள். கம்சாயினி தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அம்மாவின் தோளைப் பார்த்தாள்.

“களைப்பாம்” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“ஓம். மூளை களைச்சுப்போச்சாம். குளிசை போட்டா ஆறுமாம்.”

புஸ்பம் டொக்டரைப் பார்த்துச் சிரித்து நன்றி சொன்னாள். டொக்டரின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று.

ஒரு வருஷம் குளிசை போட்டாள். மேல் வீட்டுக்காரர் பேச்சு நின்றது. ஆனால் உடம்பு ஊதியது, வாயோரம் எச்சில் ஊறியது, பகலிலும் தூங்கினாள். களைப்புக்கென்று கொடுத்த குளிசையே களைப்பை வைத்திருக்கிறது என்று புஸ்பத்துக்குப் பட்டது. ஜெயரூபன்தான் சொன்னான். “ஊருக்குக் கொண்டு போ. அம்மன் கோயில் குளுத்தி பாத்திட்டு வாங்க. என்ட அம்மாட கைக்குத்து அதோடதான் போனது.”

ஊரில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு இருந்தது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்தால் கல் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். புஸ்பமும் சலவை அறைச் சம்பளத்தில் வாவிக்கரையோடு ஒரு மாடி வீடு கட்டியிருந்தாள், ஒருநாளும் அங்கே வாழப்போகாத மகளுக்குச் சீதனமாக. தரைக்கு மாபிள், மாடிக்கு வெள்ளிக் குழாய்க் கைப்பிடி. கதிரைகளுக்குக் கடையில் சுற்றிய பொலித்தீன் கழற்றப்படவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும்.

பக்கத்து வளவில் புஸ்பத்தின் தமையன் நல்லரத்தினம். வயல்காரர். கோயிலில் அவர்கள் குடியின் தலைவரும் அவர்தான். அவருடைய மகள் கஜானி, கம்சாயினியின் வயது, வந்த அன்றே பொலித்தீனைக் கிழித்தெறிந்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தாள்.

“மச்சாள், நீங்க செத்துப்போன கிழவியள் மாதிரிக் கதைக்கிறீங்க. ஆரு இப்ப அடுக்கள எண்டு சொல்லுற? கிச்சின்.”

“அம்மா அப்பிடித்தான் சொல்லித்தந்தவ.”

“மாமி பிளேன் ஏறின அண்டைக்கே உங்கட தமிழ் நிண்டு போச்சு. மறுகா, அங்க பெடியனுகள் எப்பிடி?”

“மறுகா எண்டு சொன்னா அங்க சிரிப்பாங்க.”

“ஏன்? மறுகாவுக்கு என்ன குறை?”

கம்சாயினி சிரித்தாள். மாபிள் தரையில் வழுக்கியது போல ஒரு சின்னச் சிரிப்பு. அடுக்களையில் நின்ற புஸ்பத்துக்கு அது கேட்டது. அவள் கையிலிருந்த தேங்காய்த் துருவலோடு அப்படியே நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தச் சத்தம் வீட்டில் இல்லை. அதைத் திரும்பவும் கேட்க எதையும் செய்யலாம் என்று அப்போது தோன்றியதாகச் சொன்னாள்.

அம்மன் கோயில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கதவு திறந்தால் ஒரு கிழமைக்கு மேல் சடங்கு. கோபத்தோடு வருகிற தாயை வேப்பிலைத் தண்ணீரால் ஆற்றி அனுப்புகிற குளிர்த்தியோடு எல்லாம் முடியும். ஊர் அதைக் குளுத்தி என்று சொல்லும். ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு குடிக்கு உரியது. குடி தாய்வழியாக வரும். எந்த நாட்டில் பிறந்தாலும் மாறாது. “இவளுக்குச் சுவிஸ் பாஸ்போட் இரிக்கலாம். ஆனா இவள் நம்மட குடிப்புள்ள. அத ஆரும் வெட்டேலா” என்றார் நல்லரத்தினம். அவள் காப்புக் கட்டி, கோயில் வளவிலேயே தங்கி, சடங்கு முழுக்க நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

“காப்புக் கட்டினா ஒரு நேரச் சாப்பாடுதான். மருந்து மாத்திரை ஒண்டும் தொடுறல்ல. நம்மட அம்மா எப்பிடி நிண்டவ எண்டு தெரியுந்தானே புஸ்பம்.”

அன்று பின்னேரம் புஸ்பம் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். கம்சாயினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“குளிச நிப்பாட்டக் கூடாதம்மா. டொக்டர் சொன்னவ.”

“கொஞ்ச நாளைக்குத்தான் மனே. களைப்புக்குத்தானே அது?”

வெளியே வாவியில் யாரோ தோணியைக் கரைக்கு இழுக்கிற சத்தம். இழுத்து முடித்து, கம்பு நட்டு, கயிறு கட்டி, அந்த ஆள் போயும் விட்டான். அவ்வளவு நேரமும் அவள் பேசவில்லை. புஸ்பத்தின் விரல் மயிருக்குள் இருந்தது. மண்டை சூடாக இருந்தது. அந்த நேரத்தில் பிள்ளை எதையோ தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல் திரும்பவும் கீழே வைத்தாள் என்று புஸ்பம் இப்போது சொல்கிறாள். அப்போது அவள் நினைத்தது, பிள்ளைக்கு நித்திரை வருகிறது என்று.

“ஓம்மா” என்றாள் கம்சாயினி கடைசியில். “களைப்புக்குத்தான்.”

அடுத்த நாள் கோயில் வாசலில் கட்டாடியார் மஞ்சள் நூலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். பூசை செய்கிறவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மெலிந்த மனிதர். நிமிர்ந்து பார்த்துத்தான் எதையும் கேட்பார்.

“புள்ளைக்கு வருத்தம் ஏதும் இரிக்கா? இரிந்தா சொல்லுங்க. வருத்தக்காரருக்குக் காப்பு இல்ல. சும்மா வந்து கும்பிட்டாக் காணும், அம்மன் கோவிக்கமாட்டா.”

“ஒண்டுமில்ல கட்டாடியார்” என்றாள் புஸ்பம். “படிச்சுப் படிச்சுக் களைப்பு.”

கம்சாயினி பக்கத்தில் நின்றாள். தான் பெற்றெடுத்த சொல் அம்மாவின் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போவதைக் கேட்டபடி, கையை நீட்டினாள்.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. நன்றாக என்பதைவிட அதிகமாகவே. முகத்தின் ஊதல் வடிந்தது. எச்சில் நின்றது. வெள்ளைச் சீலை கட்டி, பந்தலுக்குக் கீழே மற்றப் பெண்களோடு பாய் விரித்து இருந்தாள். வேப்பிலை கிள்ளினாள், மடைக்கு வெற்றிலை துடைத்தாள். நித்திரை குறைந்தது. பேச்சுக் கூடியது. கஜானியோடு, கிழவிகளோடு, யாரென்று தெரியாதவர்களோடும் பேசினாள். “சுவிஸ்காரி நல்ல வாய்க்காரி” என்று ஊர் சொன்னது. புஸ்பம் ஜெயரூபனுக்கு போனில் சொன்னாள். “புள்ள திரும்பி வந்திட்டாள்.” அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“மாமி, மச்சாள் படுக்கிறாவே இல்ல” என்றாள் கஜானி ஒருநாள் காலையில்.

“அம்மன்ட வளவுக்க ஆருக்குப் புள்ள நித்திர வரும்?”

“அதில்ல மாமி. சிவத்தப் பூவ கையில வெச்சிக்கிட்டு ஆர்ர பேரயோ விசாரிச்சிக்கிட்டு இரிந்தவ. நான் கேட்டதுக்கு, அவங்க கதைச்சு முடியட்டும் எண்டுறா.”

“பொழுதெல்லாம் போனை நோண்டுறவளுக்கு எல்லாம் புதினம்தான். போய் வெத்திலையத் துடை.”

அவர்கள் குடியின் பூசைநாள் வந்தது. உச்சிப்பொழுது. பந்தலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. பறை தொடங்கி உடுக்குச் சேர்ந்ததும், வழமையாகத் தெய்வமாடுகிறவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒரு மேசன், ஒரு மரக்கறிக்காரி, உடம்பு முழுக்க மஞ்சள் பூசிய ஒரு கிழவர். அவர்களுக்குப் பின்னால் கம்சாயினி எழும்பினாள். மெதுவாகத்தான் எழும்பினாள். பிறகு கழுத்து ஆடத் தொடங்கியது. கொண்டை அவிழ்ந்தது. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். குரவை எழுந்தது.

“தாய் வந்திட்டா” என்றார் நல்லரத்தினம். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. “நம்மட குடிக்குத் தாய் வந்திட்டா. இருவது வருஷத்துக்குப் பிறகு.”

யாரோ அவள் கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். யாரோ காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தாயே என்று நிலத்தில் விழுந்தார்கள். அங்கேயும் இங்கேயும் ஆகாத பிள்ளைக்கு முன்னால் ஊர் முழுக்கக் கைகூப்பி நின்றது. அவள் முகம் திறந்து கிடந்தது. அப்படியொரு வெளிச்சத்தைப் புஸ்பம் அந்த முகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. அது பொய் என்று எப்படி நினைப்பது?

சீனித்தங்கம் முன்னால் வந்தாள். தொண்ணூறாம் வருஷம் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கொண்டுபோன மகனை இன்னும் தேடுகிறவள். மற்ற வருஷங்களில் மேசனிடம் கேட்பாள். அவர் வேப்பிலையால் தலையில் தட்டி, பொறு என்பார். இந்த முறை புதுத் தெய்வத்திடம் கேட்டாள்.

“என்ட புள்ள எங்க தாயே?”

கம்சாயினியின் ஆட்டம் நின்றது. தலையை ஒரு பக்கம் சரித்தாள். யாரோ பேச, அதைக் கேட்கிறவள் போல நின்றாள். வெகுநேரம் கேட்டாள். ஒருதடவை டொச்சில் ஏதோ சொன்னாள், சொன்னதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்பது போல. பிறகு சீனித்தங்கத்தின் பக்கம் திரும்பி, கண்ணைப் பாராமல், அவள் தோளைப் பார்த்துச் சொன்னாள்.

“களைப்பாம்.”

சீனித்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவருக்குக் களைப்பாம். ஆறினா வருவாராம்.”

“உயிரோட இரிக்கான்” என்று கத்தினாள் சீனித்தங்கம். “என்ட புள்ள இரிக்கான். களைச்சுப்போய் இரிக்கானாம்.” பெண்கள் அவளைத் தாங்கினார்கள். எல்லாரும் அழுதார்கள்.

புஸ்பம் அழவில்லை. அந்தத் தலைச் சரிவு அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வை தோளில் விழுகிற விதம் தெரியும். விசா அலுவலகத்து மேசை, அப்பாவின் ஒப்பரேசன், கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. பிள்ளை நீளமான ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு, கேட்கிறவள் தாங்கமாட்டாள் என்று கண்டு, சிறியதாக ஒன்றைக் கையில் கொடுக்கிறாள். உச்சிவெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது. தனக்கு என்னத்தைக் கொடுத்தாள் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டாளே தவிர, எழும்பிப் போகவில்லை. குளிசைப் பெட்டி வீட்டில், அலுமாரிக்குள் இருந்தது. நடந்து போனால் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம். ஆனால் சுற்றிவர ஊர் நின்றது. தமையன் அழுதுகொண்டு நின்றார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய், இது தாய் இல்லை, இவளுக்கு வருத்தம் என்று எந்த வாயால் சொல்வது. குளுத்தி மட்டும் முடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

குளிர்த்தி கடைசி நாள் விடியப்புறம் நடந்தது. பெரிய பானையில் வேப்பிலையும் மஞ்சளும் இளநீரும் கலந்த தண்ணீர். கட்டாடியார் பாடிப் பாடி அதை அம்மனுக்குத் தெளித்தார், பிறகு ஆடுகிறவர்களுக்குத் தெளித்தார். மேசன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மரக்கறிக்காரி கொட்டாவி விட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, தண்ணி கேட்டாள். கிழவர் தன் சாறன் எங்கே என்று தேடினார். வானம் வெளுத்தது. சனம் போத்தல்களில் குளிர்த்தித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தொடங்கியது.

கம்சாயினி நின்றுகொண்டிருந்தாள். தெளித்தார்கள். முகத்தில் அறைவது போலவும் அடித்துப் பார்த்தார்கள். அவள் தலையைச் சரித்து, யாரோ சொல்வதைக் கேட்டு, ஆளில்லாத பக்கம் திரும்பி, ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாருடைய தெய்வமும் இறங்கிவிட்டது. அவளுடையது இறங்கவில்லை.

கட்டாடியார் புஸ்பத்தை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

“புள்ள, இது அம்மன் இல்ல. அம்மன் குளுத்தியோட போயிருவா. அவவுக்கும் போற வீடு இரிக்கு. இந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“நீங்க கதவப் பூட்டிட்டுப் போங்க” என்றார் பின்னால் வந்த நல்லரத்தினம். “நம்மட குடிக்கு வந்தத உங்களுக்குப் பொறுக்குதில்ல. சித்தாண்டியில நமக்கு ஆள் இரிக்கு. இறக்கத் தெரிஞ்ச ஆள்.”

“அண்ணன், ஒருக்கா டொக்டரிட்ட...”

“பைத்தியம் எண்டு பேர் எடுத்தா ஆரு கட்டுவான்? கட்டின வீட்ட என்ன செய்யப்போறா? ரெண்டு நாள் பொறு.”

பொறுத்தார்கள். சித்தாண்டியிலிருந்து ஆள் வந்து நூல் கட்டினார், தேசிக்காய் வெட்டினார். மாடி அறையில் கம்சாயினி சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். புஸ்பம் தேத்தண்ணியில் குளிசையைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அது நஞ்சு என்று சொல்கிறார்கள் என்று பிள்ளை கோப்பையைத் தள்ளிவிட்டாள். யார் சொல்கிறார்கள் என்று கேட்க அம்மாவுக்குத் துணிவில்லை. மறுநாள் காலையில் அறை திறந்து கிடந்தது.

ஒரு மீன்காரர்தான் அவளைத் தோணியில் கொண்டுவந்தார். பிலிப்பு என்று, எதிர்க்கரை ஆள். அந்த இடத்தில் வாவி ஆழமில்லை, நெடுந்தூரம் நெஞ்சளவுதான். “உங்கட புள்ளையா அம்மா? தண்ணிக்க நிண்டு ஆரோடயோ கதைச்சிக்கிட்டு நிண்டது. நான் வல எடுக்கிற மட்டும் நிண்டது. கூப்பிட்டா, பொறுங்க, இன்னும் சொல்லி முடியல்ல எண்டுது.” தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தியிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

கஜானிதான் ஓட்டோ பிடித்தாள். தகப்பன் வாசலில் மறித்து நின்றார். “விலகுங்க அப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் விலகினார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இன்ஷிரா. கல்முனைப் பக்கத்துப் பெண், முக்காட்டை அடிக்கடி சரிசெய்கிற இளம்பிள்ளை. குளிசை மட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, இது என்ன வருத்தத்துக்கு எண்டு அங்க சொன்னவங்க?”

“களைப்புக்கு.”

“டொக்டர் சொன்னாரா?”

“புள்ளதான்... புள்ள கேட்டுச் சொன்னவள்.”

டொக்டர் மட்டையை மேசையில் வைத்தாள். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். அது என்ன வருத்தம், அந்தக் குரல்கள் எங்கிருந்து வருகின்றன, ஏன் குளிசையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அடுத்தமுறை மருந்து முன்போலக் கேட்குமா என்பது, வாழ்நாள் முழுக்க என்றால் என்ன, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது. எல்லாம் தமிழில். வெகுநேரம் பேசினாள். பேர்னில் அந்த டொக்டர் எடுத்த அதே நேரம் என்று புஸ்பத்துக்குத் தோன்றியது. அவ்வளவையும் பிள்ளை தனியாகக் கேட்டிருக்கிறாள். தன்னைப் பற்றியதை, தன் காதாலேயே, தலையைச் சரித்து. கேட்டு, தூக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறாள்.

இன்ஷிராவின் மேசையில் கைக்குட்டைப் பெட்டி இருக்கவில்லை. புஸ்பம் சீலைத் தலைப்பை எடுத்துக்கொண்டாள்.

கிழமைகள் கழித்து, கம்சாயினி ஆளைப் பார்த்துப் பேசுகிற அளவுக்கு வந்த ஒரு நாள், கட்டில் ஓரத்தில் இருந்து புஸ்பம் கேட்டாள்.

“ஏன் மனே எனக்குச் சொல்லல்ல?”

குளிசை நாக்கைப் பாரமாக்கியிருந்தது.

“சொன்னா நீங்க அழுவீங்க.”

“அழுதா என்ன?”

“ஏன் அழுறாங்க எண்டு டொக்டர் கேப்பா. அதையும் நான்தானே சொல்ல வேணும்.”

சாப்பாடு கொண்டுவருகிற வண்டி வந்து போனது. விளக்குப் போட்டார்கள்.

ஜெயரூபன் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். கம்சாயினி இப்போது பேர்னுக்கு வெளியே, தாதிமார் உள்ள ஒரு விடுதியில் இருக்கிறாள். குரல்கள் முழுதாகப் போகவில்லை. காலையில் பூச்செடி நடும் இடமொன்றில் வேலை செய்கிறாள், பின்னேரம் தூங்குகிறாள். தமிழ் பேசுவதில்லை. அம்மா வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். டொக்டர் சொல்வதைப் புஸ்பத்துக்குச் சொல்ல, போனில் முகம் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் வருகிறார், எல்லாவற்றையும் முழு நீளத்துக்குச் சொல்கிறார். ஜெயரூபன் இப்போது புஸ்பத்தை விட்டுப் பிரிந்து வேறிடத்தில் இருக்கிறான். நல்லரத்தினம் தங்கள் குடிக்குத் தாய் வந்தது உண்மை என்று இன்றும் சொல்கிறார், கட்டாடியாரோடு பேசுவதில்லை. கஜானி கலியாணம் முடித்து வாழைச்சேனையில் இருக்கிறாள். சீனித்தங்கம் அதற்குப் பிறகு இரண்டு குளுத்தி பார்த்தாள். களைப்போடு வருகிறவனுக்கென்று வாசல் அறையில் பாய் விரித்து வைத்திருந்தாள், போன மாரியில் இறந்துவிட்டாள். வாவிக்கரை வீடு பூட்டிக் கிடக்கிறது. புஸ்பம் வைகாசியில் வந்து திறந்து, கூட்டிக் கழுவி, சில நாள் இருந்துவிட்டு, திரும்பவும் பூட்டிக்கொண்டு போகிறாள்.